மன்னித்துவிட்டேன் என்று சொன்ன பின்பும் ஜெபம் வறண்டிருக்கிறது: அண்ணன் திருப்பித் தராத பணமும் சபையின் சீடத்துவ வகுப்பும்

கேள்வி
எழுதியவர்: ஞாயிறு பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

கர்த்தருடைய நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள். எங்கள் சபையில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஊர் சிறியது, சபை அதைவிடச் சிறியது. விசுவாசிகளில் பாதிப் பேர் ஒரே தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதால், காலையில் ஒருவரிடம் சொன்னது மாலைக்குள் எல்லார் வீட்டுக்கும் போய்விடும்.

என் தகப்பனார் இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, மரங்கள் அழிக்கப்பட்டு, ஒரு பகுதி செம்பனைக்கும் மறுபகுதி வீடமைப்புக்கும் போனபோது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி இழப்பீடு கொடுத்தார்கள். அந்தப் பணமும் ஊழியர் சேமநிதியும் சேர்த்து ஏறத்தாழ நாற்பதாயிரம் மலேசிய வெள்ளி அப்பாவின் கையில் இருந்தது. புதிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு மலிவு விலை வீடு வாங்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அப்போது என் அண்ணன், லாரித் தொழில் தொடங்கப் போவதாகவும் ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாகவும் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிச் சென்றார். தொழில் நொடித்ததா, வேறு வழியில் போனதா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அண்ணன் ஜொகூர் பக்கம் போய்விட்டார். அப்பா வாடகை வீட்டில், என் பராமரிப்பில் இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். அடக்கத்துக்கு அண்ணன் வந்தார், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணனும் அண்ணியும் ஊருக்குத் திரும்பினார்கள். அண்ணன் இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, எங்கள் சபையிலேயே சேர்ந்தார். குடியை விட்டது உண்மை, வேதம் வாசிப்பதும் உண்மை. அவர் மாறவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, "கர்த்தர் என் கடனையெல்லாம் ரத்து செய்துவிட்டார்" என்று அவர் சொன்னபோது சபையே "ஆமென்" என்றது. என் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து என் ஜெபம் வறண்டுவிட்டது. முழங்காலில் நிற்கிறேன், ஆனால் சொற்கள் மேலே போவதாகத் தோன்றவில்லை.

அண்ணனை மன்னித்துவிட்டதாகப் போதகரிடம் சொல்லியிருக்கிறேன், மனதாரத்தான் சொன்னேன். போதகர் மகிழ்ந்து, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாங்கள் இருவரும் சபைக்கு முன் நின்று கட்டித் தழுவி ஒப்புரவாக வேண்டும், அது பலருக்குச் சாட்சியாக இருக்கும் என்கிறார். ஜனவரியில் தொடங்கும் பெண்கள் சீடத்துவ வகுப்பை நடத்தும் பொறுப்பையும் எனக்கே கொடுத்திருக்கிறார். என்னைக் குடைவது இதுதான்: மன்னித்த பிறகும் அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்கலாமா, அல்லது கேட்டால் நான் மன்னிக்கவில்லை என்றுதான் பொருளா? அப்பாவுக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை மன்னிக்க எனக்கு உரிமை உண்டா? இந்த நிலையில் திருவிருந்தில் பங்கெடுப்பதும், பிறருக்குச் சீடத்துவம் கற்பிப்பதும் சரியா?


மறுமொழி 1
எழுதியவர்: இளைஞர் ஊழியன், கூலிம்

சகோதரி, ஸ்தோத்திரம். ஏசாயா 43:25இல் கர்த்தர், "உன் பாவங்களை நினையாமலும் இருப்பேன்" என்கிறார். தேவனே நினையாததை நாம் நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல என்பது என் தாழ்மையான கருத்து. பணம் போனது போனதுதான். இழந்ததைவிட அதிகமாகக் கர்த்தர் உங்களுக்குத் தருவார். போதகர் சொல்வதற்குக் கீழ்ப்படிந்து, டிசம்பர் 31 அன்று பழையதையெல்லாம் அவருடைய பாதத்தில் இறக்கிவைத்துவிட்டால், புத்தாண்டில் ஜெப வாழ்க்கையும் புதுப்பிக்கப்படும் என்று விசுவாசிக்கிறேன். உங்களுக்காக ஜெபிக்கிறோம்.


மறுமொழி 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற கிராணி, ஈப்போ

அன்புச் சகோதரி அவர்களுக்கு வணக்கம். தோட்ட ஆபீசில் கிராணியாக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். மெதடிஸ்ட் சபையில் வகுப்புத் தலைவனாக இருக்கிறேன், வேதசாஸ்திரம் படித்தவன் அல்லேன். கூலிம் தம்பியின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் அவருடைய அறிவுரை நடந்த காயத்தின் மேல் துணியைப் போர்த்துகிறதே தவிர, அதைக் கழுவவில்லை என்று நினைக்கிறேன்.

மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை 21ஆம் வசனத்திலிருந்து, அதாவது "ஏழெழுபதுதரம்" என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு ஆறு வசனங்களுக்கு முன்னே ஆண்டவர் சொன்னதை அவர்கள் வாசிப்பதில்லை: "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." ஒரே அதிகாரத்தில், ஒரே மூச்சில், குற்றத்தை முகத்துக்கு நேரே சொல்லும்படியும் கணக்கில்லாமல் மன்னிக்கும்படியும் அவர் கட்டளையிடுகிறார். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதாக அவர் கருதவில்லை. லூக்கா 17:3இலும் கடிந்துகொள்வதும் மன்னிப்பதும் அடுத்தடுத்தே வருகின்றன. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: கேட்கலாம். கேட்பது மன்னிப்புக்கு எதிரானது அல்ல. பழிவாங்கும் நோக்கத்தோடு கேட்பதும், கேட்டுக் கிடைக்காவிட்டால் வெறுப்பதும்தான் எதிரானவை.

அதே அதிகாரத்தில் வரும் கடன்காரன் உவமையை, பழைய கிராணிப் புத்தி போகாமல், நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. ராஜா பெருங்கடனை மன்னித்துவிட்ட ஊழியக்காரன், தன்னிடம் கடன்பட்ட உடன்வேலைக்காரனை மன்னிக்க மறுக்கும் கதை அது. அதில் இந்த இரண்டாவது கடன் நூறு வெள்ளிப்பணம். திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமையில் ஒரு பணம் என்பது ஒருநாள் கூலி. அப்படியானால் நூறு பணம் நூறு நாள் கூலி. நம் நாட்டில் 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். எனவே அந்த நூறு பணம், உங்கள் தகப்பனாரைப் போன்ற ஒருவருக்கு ஐந்தாண்டு உழைப்புக்குக் கிடைக்கும் இழப்பீடு. ஆண்டவர் இதை அற்பத் தொகையாகக் காட்டவில்லை, பாட்டாளி ஒருவனுக்கு உண்மையாகவே வலிக்கும் தொகையாகத்தான் வைத்தார். மறுபக்கத்தில் பதினாயிரம் தாலந்து என்பது, ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் பணம் என்று கொண்டால், ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு முந்நூறு நாள் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போனாலும் இரண்டு இலட்சம் ஆண்டுகள் உழைக்க வேண்டும். உங்களுக்குச் செய்யப்பட்டது சிறியது என்று அவர் சொல்லவில்லை, உங்களுக்கு மன்னிக்கப்பட்டது அளவிட முடியாதது என்கிறார். அந்த ஊழியக்காரன் கணக்கு வைத்திருந்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. தொண்டையை நெரித்ததற்காகவும், தவணை கேட்டவனைச் சிறையில் போட்டதற்காகவும் கண்டிக்கப்பட்டான்.

இனி உங்கள் அண்ணன் சாட்சியாகச் சொன்ன வாக்கியம். கர்த்தர் அவருடைய கடனை ரத்து செய்தார் என்பது சத்தியமே. ஆனால் அது தேவனுக்கு அவர் பட்ட கடன். தகப்பனாரிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அந்தச் சாட்சியோடு தீர்ந்துபோவதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், குற்றஞ்செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது. வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லாவிட்டால்கூட அது அவன் கையிலேயே தங்குவதில்லை, கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேர்கிறது. வரி வசூலித்த சகேயு அதற்கும் மேலே போய், "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். அதன் பிறகே ஆண்டவர், "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். பணத்தால் அவன் இரட்சிப்பை வாங்கவில்லை, வந்த இரட்சிப்பு முதலில் அவனுடைய பணப்பையைத் தொட்டது. அண்ணன் உண்மையான சீடராக வளர வேண்டும் என்று விரும்புகிறவர் யாரும் அவரை இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க விடக்கூடாது. நீங்கள் மௌனமாக இருப்பது அவருக்குச் செய்யும் நன்மையும் அல்ல.

உங்கள் ஜெப வறட்சியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நீங்கள் மன்னிக்காததால் அது வந்தது என்று நான் நினைக்கவில்லை. தேவனிடத்தில்கூடச் சொல்லாமல் எதையோ மூடிவைத்திருப்பதால் வந்திருக்கக்கூடும். 55ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். சத்துரு நிந்தித்திருந்தால் சகிப்பேன், நீயோ என் தோழன் என்று அழுகிற அந்தக் குரலைத் தேவன் தம்முடைய புத்தகத்திலேயே வைத்திருக்கிறார். உங்கள் கோபத்தை அந்த வார்த்தைகளில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு கர்த்தருடைய ஜெபத்தின் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி வரும்போது ஓடிவிடாமல் நின்று, அண்ணன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். ஒருநாளில் தீராது. சிலுவையை "அநுதினமும்" எடுத்துக்கொண்டு பின்பற்ற வேண்டும் என்று லூக்கா 9:23 சொல்லும்போது, அதில் இதுவும் அடங்கும்.

வகுப்பை நடத்தத் தகுதியுண்டா என்கிறீர்கள். எங்கள் மெதடிஸ்ட் பாரம்பரியத்தின் வகுப்புக் கூட்டங்கள் எப்படித் தொடங்கின என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜெபக்கூடம் கட்டிய கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காக, விசுவாசிகளைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். வசூலிக்க வீடு வீடாகப் போன தலைவர்கள் அங்கே இருந்த சண்டையையும் குடியையும் கண்ணாரக் கண்டு வந்து மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லியிடம் சொல்ல, ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கும் ஏற்பாடாக அதை அவர் மாற்றினார். கடன் கணக்கில்தான் அந்தச் சீடத்துவம் முளைத்தது. அடுத்த ஆண்டு அவர் எழுதிய பொது விதிகளில் முதலாவது, தீங்கு செய்யாதே என்பது. குறையே இல்லாதவர்கள் நடத்திய வகுப்புகள் அல்ல அவை. நீங்கள் நடத்துங்கள். அண்ணன் கதையை மட்டும் அங்கே உதாரணமாகக் கூடச் சொல்லாதீர்கள்.


மறுமொழி 3
எழுதியவர்: அன்னம்மாள் ஆலயத்துப் பங்கைச் சேர்ந்தவள், புக்கிட் மெர்தாஜாம்

சகோதரிக்கு அன்பு வணக்கம். நான் கத்தோலிக்கப் பெண். உங்கள் சபை வழக்கங்கள் வேறு என்றாலும், இந்த வலி எல்லாச் சபைக்கும் பொதுவானது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில், மனம் வருந்துவதும் அறிக்கையிடுவதும் மட்டும் போதாது, ஈடு செய்வதும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459ஆம் பத்தியில், பிறருக்குத் தீங்கிழைத்த பாவங்களுக்கு இயன்ற பரிகாரம் செய்ய வேண்டும் என்று கூறி, திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதையே எடுத்துக்காட்டாக வைக்கிறது. குருவானவரின் பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், அந்தப் பாவம் உண்டாக்கிய சேதத்தை அதுவே சரிசெய்துவிடாது என்பதுதான் அங்கே உள்ள போதனை. ஆகவே ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை அதிகமாக உறுத்தியது அந்தக் கட்டித் தழுவல்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். நான்கு நாள்களில், மருத்துவமனையிலிருந்தே, சுட்டவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். ஆனால் அவரை நேரில் சந்தித்தது 1983 டிசம்பர் 27 அன்று, ரோமிலுள்ள சிறையில். இருவரும் என்ன பேசினார்கள் என்பதைத் திருத்தந்தை வெளியிடவில்லை, அது தங்கள் இருவருக்கும் இடையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மன்னிக்கப்பட்டவர் 2000ஆம் ஆண்டு இத்தாலியக் குடியரசுத் தலைவர் பொதுமன்னிப்பு அளிக்கும்வரை சிறையில்தான் இருந்தார். மனத்தில் மன்னிப்பது ஒருநாள், முகம் பார்த்துப் பேசுவது வேறொரு நாள், அதன் சட்டக் கணக்கு தீர்வது இன்னொரு நாள் என்று மூன்றும் தனித்தனியாக நடந்திருக்கின்றன. உங்கள் போதகர் மூன்றையும் ஒரே இரவில் முடிக்கப் பார்க்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆண்டின் கடைசி இரவில் சபைக்கு ஒரு மகிழ்ச்சி வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனாலும் அண்ணனோடு தனியே ஒரு வார்த்தைகூடப் பேசாத நிலையில் மேடையில் தழுவினால், அன்றைக்குச் சபை அழும், மறுநாள் நீங்கள் இருவரும் சந்தையில் எதிரெதிரே வந்தால் என்ன பேசுவது என்று தெரியாது.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: ஞாயிறு பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. கிராணி ஐயா, நீங்கள் போட்ட கணக்கைப் படித்து நெடுநேரம் அழுதேன். "பணம்தானே" என்று எல்லாரும் சொல்லும்போது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் அப்பாவைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அப்பா அண்ணனைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. வாடகை கட்டத் தாமதமாகி வீட்டுக்காரர் வாசலில் நின்றபோதும், "அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றுதான் சொல்வார். உண்மையைச் சொன்னால், அந்தப் பொறுமைதான் எனக்கு அண்ணன்மேல் இருந்த கோபத்தை இரட்டிப்பாக்கியது. அவரே மன்னித்துவிட்ட ஒன்றை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேனா, அல்லது அவர் கேட்காமல் விட்டதால் நானாவது கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை.


மறுமொழி 4
எழுதியவர்: தோட்டத்துப் பிள்ளை, தெலுக் இந்தான்

அக்கா, எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஆனால் மறுபக்கத்திலிருந்து. என் தகப்பனார் தோட்டத்தில் கூட்டு, அதாவது சீட்டு, நடத்தியவர். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்திருந்தும், பேங்குக்குப் போகத் தெரியாத ஆள்களுக்கு வேறு சேமிப்பு ஏது என்று பல தோட்டங்களில் நம்பிக்கையின் பேரில் அது நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு சுற்றில் பலருடைய பணத்தை அவர் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டார். விசுவாசத்துக்கு வந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதி, மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். இறந்துபோனவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கொடுத்தார். கடைசிப் பெயரை அடிக்கும் முன்பே அவருக்கு நோய் கண்டது, மீதியை என் தாயார் கொடுத்து முடித்தார்.

வாங்கிக்கொண்டவர்களில் இரண்டு வகை உண்டு. "பரவாயில்லை, வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மறுத்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் நாளில் அப்பா இன்னும் குனிந்தே நடப்பார். பணத்தை வாங்கி, எண்ணிப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று சொல்லி, உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தவர்கள்தான் அவரை மறுபடியும் மனிதனாக்கினார்கள். அதனால் கூலிம் அண்ணன் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் அண்ணன் பத்து வெள்ளி கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டினால் அவர் கடைசிவரை உங்களுக்கு முன் கடன்காரராகவே நிற்க வேண்டியிருக்கும்.


மறுமொழி 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற கிராணி, ஈப்போ

தெலுக் இந்தான் தம்பி எழுதியது என் நீண்ட விளக்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறது.

சகோதரி, அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். ஒருவருக்குச் செய்யப்பட்ட தீங்கை அவருடைய இடத்தில் நின்று இன்னொருவர் மன்னிக்க முடியாது என்பதே என் எண்ணம். உங்கள் தகப்பனார் தம் பங்கை உயிரோடிருக்கும்போதே முடித்துவிட்டார் என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. ஆகவே அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கென்று ஒரு பங்கு இருக்கிறது: நீங்கள் கட்டிய வாடகை, தனியாகப் பார்த்துக்கொண்ட ஆண்டுகள், அடக்கத்தின்போது அண்ணன் காத்த மௌனம். இவை உங்களுக்குச் செய்யப்பட்டவை. இவற்றை மன்னிக்கும் உரிமையும், இவற்றைப் பற்றிப் பேசும் உரிமையும் உங்களுடையவை. அப்பாவின் பெயரில் பேசத் தொடங்கினால் அண்ணன், "அப்பா என்னை மன்னித்துவிட்டார்" என்று சொல்லி எழுந்துவிடுவார், நீங்களும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

யோசேப்பின் வரலாற்றில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தன்னை அடிமையாக விற்ற சகோதரரை அவன் ஆதியாகமம் 45இல் முத்தமிட்டு அழுது மன்னித்தான். அதற்கு முன், பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா சொல்லும்வரை அவர்களைச் சோதித்துப் பார்த்தான் என்பது ஒருபுறமிருக்கட்டும். யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்த பிறகு, 50ஆம் அதிகாரத்தில், அதே சகோதரர் யோசேப்பு இன்னும் பகை வைத்திருப்பான் என்று பயந்து ஆள் அனுப்புகிறார்கள். யோசேப்பு மறுபடியும் அழுகிறான், மறுபடியும் அதையே சொல்கிறான். ஒருமுறை சொன்ன மன்னிப்பு 17 ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பச் சொல்லப்பட வேண்டியிருந்தது. எனவே நேற்று மன்னித்தேன், இன்று மறுபடியும் கசக்கிறது என்பதால் நேற்றையது பொய்யாகிவிடாது.

நம் மண்ணிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் காலத்தில், மலாயாவும் அடங்கியிருந்த சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராயராக இருந்தவர் லெனர்ட் வில்சன். 1943 அக்டோபரில் ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்க் கடுமையாக வதைத்தது. வதைத்தவர்களுக்காக அவர் அங்கேயே ஜெபித்தார். போர் முடிந்த பின், 1946இல், அந்தச் சம்பவத்துக்காகக் கெம்பெய்த்தாய் தரப்பினர் 21 பேர் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டு, எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பேராயரின் மன்னிப்பு அந்த நீதிமன்றத்தை மூடவில்லை. பிற்பாடு, தம்மை வதைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவை ஏற்றபோது, வில்சன் தம் கையாலேயே அவருக்குத் திடப்படுத்தல் கொடுத்தார். தீங்கு செய்தவர் சீடராக முடியும், தீங்குபட்டவரே அவரைச் சபைக்குள் சேர்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அது நடந்தவற்றை மறைத்துவிட்டு வந்ததல்ல.

அண்ணன் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வையுங்கள். பவுல் 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில், தம்மைக் கைவிட்டுப் போனவர்களைக் குறித்து, "அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக" என்று எழுதுகிறார். அதற்குச் சற்று முன்னேயே, தமக்கு வெகு தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைக் கர்த்தருடைய கையில் விட்டுவிட்டு, "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார். பயத்தால் ஓடியவர்களுக்கும் வேண்டுமென்றே தீங்கு செய்தவனுக்கும் அவர் ஒரே பதிலைக் கொடுக்கவில்லை. உங்கள் அண்ணன் எந்த வகை என்பது பேசிப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவர் வெட்கத்தால் வாய் திறக்காதவர் என்றே எனக்குப் படுகிறது. திருவிருந்தைத் தள்ளிவைக்காதீர்கள். சமாதானத்தை நாடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பந்தி.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: ஞாயிறு பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

போதகரிடம் பேசிவிட்டேன். டிசம்பர் 31 அன்று முன்னால் வர இயலாது என்றும், முதலில் அண்ணனோடு தனியே பேச வேண்டும் என்றும் சொன்னேன். அவருக்குச் சற்று வருத்தம்தான், ஆனாலும் மறுக்கவில்லை. வரும் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றார். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், எதிரே உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது என்று தெரியும். அண்ணியும் கூட வருவார் போலிருக்கிறது. அண்ணி இருக்கும்போது பணப் பேச்சை எடுப்பது முறையா? "தனித்திருக்கையில்" என்றுதானே வசனம் சொல்கிறது?


மறுமொழி 6
எழுதியவர்: அன்னம்மாள் ஆலயத்துப் பங்கைச் சேர்ந்தவள், புக்கிட் மெர்தாஜாம்

முதலில் அண்ணனோடு மட்டும் பேசுங்கள். அண்ணிக்கு இந்தப் பணத்தைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் முதன்முதலாக அது வெளிப்பட்டால், அண்ணன் உங்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு மனைவிக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி, அண்ணியையும் பிள்ளைகளையும் சாப்பாட்டுக்கு முன் ஒருமணி நேரம் வெளியே அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஆனால் அண்ணன் ஏதாவது தவணைக்கு ஒத்துக்கொண்டால், அன்றைக்கே அண்ணிக்கும் தெரியப்படுத்தும்படி அவரிடமே சொல்லுங்கள். மாதாமாதம் குடும்பச் செலவிலிருந்து எடுக்கப் போகும் பணம் அது, அவருக்குத் தெரியாமல் ஓடினால் இன்னொரு சண்டை உண்டாகும். தாளை மடித்து வைக்காமல், அதைப் பார்த்தே வாசியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.


மறுமொழி 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற கிராணி, ஈப்போ

அம்மா சொன்னதுபோலவே செய்யுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: அந்தத் தாளில் தொகையை எழுதியிருந்தால், வட்டியைக் கூட்டாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுப்பது கொடுக்கிறவருடைய மனந்திரும்புதல். அதை நாம் கேட்டு வாங்குவதற்கில்லை. கூடப் பிறந்த மற்றவர்கள் யாராவது இருந்தால், பணம் வரத் தொடங்கும் முன்பே அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.